மணமகள் அறையில் நேர்காணல்

வேண்டாம் என்று சொல்வதற்காகவே நீங்கள் எப்போதாவது மனுப் போட்டதுண்டா? எழிலரசி போட்டிருந்தாள். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் பதினோராவது வார்டுக்குக் கட்சி வேட்பாளராக நிற்க விரும்புகிறேன் என்று அச்சடித்த தாளில், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டி, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி எழுத்து எழுத்தாகக் கையெழுத்தும் போட்டிருந்தாள். போட்டுவிட்டு, சீட்டு எனக்கு வேண்டாங்க என்று சொல்வதற்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் முப்பத்தொன்று என்று எழுதிய டோக்கன். மடியில் ஒன்றரை வயது நிறைமதி, அப்பன் தோளிலிருந்து பிடுங்கிய கரைத்துண்டின் ஓரத்தைப் புதுப்பல்லால் கடித்துக்கொண்டு. நேர்காணல் நடப்பது மேடைக்குப் பக்கத்தில், ‘மணமகள் அறை’ என்று பித்தளை எழுத்தில் போட்டிருந்த கதவுக்குப் பின்னால். பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் அந்தக் கதவு முன்னால் நின்று தலையைத் தடவிக்கொண்டு, வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு, வெட்கப்பட்ட மாதிரி உள்ளே நுழைவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். தலைமை யாருக்குக் குடுத்தாலும் உழைப்பேன். ஆனா சுலோச்சனா அக்காவுக்குக் குடுக்கணும்ங்கறதுதான் என் ஆசை. எங்க பகுதி மக்கள் விருப்பமும் அதுதான். முதல் இரண்டும் தண்ணி மாதிரி வந்தன. மூன்றாவது வரவில்லை. நேற்றும் வரவில்லை, முந்தாநாள் துணி துவைக்கும்போது சொல்லிப் பார்த்தபோதும் வரவில்லை. மக்கள் விருப்பமும் என்கிற இடம்வரை வந்து, முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றுவிடுகிறது.

இந்தக் கட்சியில் ஆட்களுக்குப் பேர் கிடையாது, பதவிதான் பேர். ஒன்றியச் செயலாளர் பொன்னுரங்கத்தை ஊரே ‘ஒன்றியம்’ என்றுதான் சொல்லும். ஒன்றியம் வந்திருக்கு, டீ போடு. ஒன்றியத்துக்குச் சுகர் ஏறிப்போச்சாம். அவருக்கு மேலே மாவட்டச் செயலாளர், அவர் ‘மாவட்டம்’. மாவட்டமே இன்றைக்கு நேரில் வந்து மணமகள் அறையில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒன்றியம் ஒரு மாசத்துக்கு முன்னால் கல்லங்காட்டுக்கு, இவர்கள் வீட்டுக்கு வந்தார். குட்டியானை வண்டியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அவள் புருசன் அறவாழி, கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து கட்டிலைத் தட்டிப் போட்டான். பத்து வருசமாக அந்த வார்டுக்கு ஒன்றியம்தான் கவுன்சிலர். இந்தத் தடவை வார்டைப் பொம்பளைகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கினால் என்ன, வீட்டில் பொம்பளை இல்லையா. “உங்க சுலோச்சனா அக்காதான் நிக்குது. அதுல மாத்தமில்ல,” என்றார் ஒன்றியம். “ஆனா பாரு அறவாழி, ஒரே ஒரு மனு மேல போச்சுன்னா மாவட்டம் என்ன நெனைக்கும்? வீட்டோட வெச்சுக்கிட்டான்யான்னு நெனைக்கும். நாலு மனு போகணும். நாலும் முறைப்படி கிளைச் செயலாளருங்க கையெழுத்தோட போகணும். நேர்காணல்ல மத்த மூணு பேரும், அக்காவுக்கே குடுங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. போட்டியும் இருந்த மாதிரி ஆச்சு, ஒத்துமையும் இருந்த மாதிரி ஆச்சு.” எழிலரசி டீயை நீட்டிக்கொண்டே, “அப்போ எலை போட்டு உக்காரணும், சோறு வந்ததும் எந்திரிச்சுடணும், அப்பிடித்தானேண்ணே?” என்று கேட்டாள். ஒன்றியம் வயிறு குலுங்கச் சிரித்தார். “புள்ள வெவரம்டா!” அதே சிரிப்போடு அறவாழிக்கு இளைஞரணியில் துணை அமைப்பாளர் பதவி என்றார். அன்றைக்கு முழுக்க அறவாழி வண்டியை முன்னால் எடுக்கிறானா பின்னால் எடுக்கிறானா என்று தெரியாமல் திரிந்தான். போஸ்டரில் பேர் வரும் அல்லவா. போஸ்டரில் பேர் வராமலா இத்தனை வருசம் கொடிக்கம்பத்துக்குக் குழி வெட்டினான். அவன் ஆசை அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சரி என்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர என்ன சிரமம், ஒரு நாளைக்கு நாலு தடவை நிறைமதியிடம் சொல்கிறோமே, மண்ணு வேண்டாம், செருப்பு வேண்டாம், கத்தி வேண்டாம்.

தப்பு எங்கே நடந்தது என்றால், முறைப்படி என்றார் பாருங்கள், அங்கேதான் நடந்தது. கையெழுத்துத் தாளை ஒன்றியமே ஒரே நாளில் தன் வீட்டுக்கு ஏழு கிளைச் செயலாளர்களையும் கூப்பிட்டு வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்தால் வெளியே தெரிந்துவிடும், ஆளே போய்க் கேட்ட மாதிரி இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று ஏழு ஊருக்கும் அவளை நடக்க விட்டார். ஏழு ஊரிலும் நடந்தது ஒரே மாதிரிதான். அறவாழியும் கிளைச் செயலாளரும் கட்டிலில் உட்கார்ந்து தேர்தல் பேசுவார்கள். அவர் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார், போடும்போதே கண்ணடிப்பார், எல்லாம் ஒன்றியம் சொல்லியாச்சு தம்பி என்பார். அந்த அரைமணி நேரம் இவளுக்கு வேலையில்லை. வேலையில்லாமல் உட்கார அவளுக்கு வராது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வருவாள். பூவாணிப்பட்டில் கொட்டகைக்குள் பதினைந்து பேர் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளும் உட்கார்ந்து ஒரு கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். “நீதான் நிக்கப்போறியா?” “மனு போட்டிருக்கேன்க்கா.” “நெசமாவா? வால் கிள்ளத் தெரிஞ்சவ ஒருத்தி நிக்கறாளா இந்தத் தடவை!” பொய் சொல்லவில்லை அவள், மனு போட்டது உண்மைதானே. ஆனால் அவர்கள் நம்பிவிட்டார்கள். நம்பினதோடு விடவில்லை, வேலையும் சொல்ல ஆரம்பித்தார்கள். எட்டாவதுக்கு மேலே படிக்க ஊரிலிருந்து போகிற பெண்பிள்ளைகளுக்குக் காலையில் பஸ் நிற்காமல் போகிறது. அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது, மழை பெய்தால் பிள்ளைகளை ஆயா தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். மருதடிக்காட்டில் மோட்டார் காயில் எரிந்து நாற்பது நாளாகிறது, ஒன்றரை மைல் நடந்து தண்ணி. மருதடிக்காட்டில் ஒரு கிழவி அவள் தாடையைப் பிடித்து, “மோட்டார் சரியானா ஓட்டு, ஆகாட்டி வெளக்குமாறு,” என்று சொல்லிவிட்டு, நிறைமதி கையில் ஒரு கடலை உருண்டையைத் திணித்தாள்.

மோட்டார். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. அவள் கவுன்சிலர் இல்லை, வேட்பாளர்கூட இல்லை, வேட்பாளர் மாதிரி ஒருத்தி, அவ்வளவுதான். ஆனாலும் வெங்காய லோடு இறக்க அறவாழி டவுனுக்குப் போன அன்றைக்குக் கூடவே போய் யூனியன் ஆபீசில் நின்றாள். ஃபைல் போயிருக்கும்மா, வரும்மா என்றார் ஓவர்சியர். எங்கே போயிருக்கு, எப்போ வரும் என்று கேட்டாள். வந்தா வரும்மா என்றார். சரி, வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன் சார் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் செய்தது அவ்வளவுதான், மீதியை நிறைமதி செய்தாள். அன்றைக்குத்தான் அதற்குக் கடைவாய்ப்பல் முளைக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு மணி நேரம், மூச்சு வாங்க மட்டும் நிறுத்தி நிறுத்தி, ஆபீஸ் முழுக்கக் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி அழுதது. பன்னிரண்டு மணிக்கு ஓவர்சியரே போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் மருதடிக்காட்டில் தண்ணி வந்தது. கிழவி யார் போனிலிருந்தோ கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல், குழாய் கொட்டுகிற சத்தத்தை மட்டும் கேட்க வைத்தாள். அந்தச் சத்தம் காதில் விழுந்த நிமிசத்தில் என்னவோ ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மூன்றாவது வாக்கியம் வர மாட்டேன் என்கிறது. எங்க பகுதி மக்கள் விருப்பமும். எந்தப் பகுதி, எந்த மக்கள்? தாளில் இருக்கிற ஏழு கையெழுத்தும் அவளுக்கு மனப்பாடம். ஏழும் ஆம்பளைக் கையெழுத்து, அந்த ஏழு பேரில் ஒருத்தர்கூடத் தண்ணி தூக்கினவர் இல்லை. அதே ஏழு கையெழுத்து அக்காவின் தாளிலும் இருக்கிறது, கூடவே மனுப் போட்ட பிரேமா தாளிலும் இருக்கிறது. யார் போய்க் கேட்டாலும் போடுகிற கையெழுத்தை மக்கள் விருப்பம் என்றால், அப்புறம் வெங்காயக் கொட்டகையில் பதினைந்து பேர் சொன்னதற்கு என்ன பேர்? அதற்குத் தாளே அடிக்கவில்லையே. மைக்கில் யாரோ இருபத்தாறு என்று கூப்பிட்டார்கள். பந்தி நடக்கிற பக்கத்திலிருந்து பட்டையும் புதினாவும் மணத்தன, காலையில் இரண்டு இட்லியோடு வந்தது, வயிறு கூவியது. இருபத்தாறு என்றால் இன்னும் ஐந்து. ஐந்து பேருக்குள்ளே மனசை ஒரு பக்கமாகச் சாய்த்தாக வேண்டும்.

சாய்க்க விடாமல் அக்கா வந்து நின்றாள். சுலோச்சனா அக்கா, ஒன்றியம் வீட்டம்மா, மாம்பழக் கலர் பட்டு, நெற்றியில் வியர்வை, கையில் பிஸ்கட் பாக்கெட். “புள்ள பசியா இருக்கும் எழிலு, இந்தா. நீ சாப்பிட்டியா? மொதல் பந்தியிலயே போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருக்கலாமில்ல, பால் குடுக்கறவ.” கெட்டவளாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும். கெட்டவள் இல்லை. நிறைமதி பிறந்த அன்றைக்கு மழை கொட்டியது, ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, அறவாழியின் வண்டி சேற்றில் சக்கரம் புதைந்து கிடந்தது. ஒன்றியம் வீட்டுக் கார்தான் சுற்றுவழியில் வந்தது, அதில் அக்காவும் வந்தாள். பின்சீட்டில் இவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு, மூச்ச விடு, மூச்ச விடு, என்று ஆஸ்பத்திரி வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்த குரல் இதே குரல்தான். பனிக்குடம் உடைந்து அந்தப் புதுச்சீட்டு நனைந்தபோதும் கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்கு எதிராகவா? உள்ளே போய் எனக்குத்தான் வேணும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த முகத்தைத்தான். பிஸ்கட்டைப் பிரித்துக் குழந்தை கையில் கொடுக்கிறாள், குழந்தை சிரிக்கிறது. “அக்கா,” என்றாள் எழிலரசி, கேட்காமல் இருக்க முடியவில்லை, “மருதடிக்காட்டுல மோட்டார் ஓடுது, தெரியுமாக்கா?” அக்கா ஒரு நிமிசம் யோசித்தாள். “மருதடிக்காடு நம்ம வார்டா? அதெல்லாம் உங்க அண்ணனுக்குத்தான் தெரியும். எனக்கு என்ன தெரியும், நிக்கச் சொன்னாரு, நிக்கறேன். கும்பிடச் சொன்னா கும்பிடப்போறேன்.” பொய்யில்லாமல் சொன்னாள், சலிப்போடுகூட இல்லை, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். எழிலரசி அந்த மாம்பழக் கலர் முதுகையே பார்த்தாள். நாளைக்கே அக்காவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் நான் போய் நிற்பேன். தலை வாரிவிடுவேன், துணி அலசுவேன், மலம் எடுத்துப் போடுவேன், ஒரு வார்த்தை முகம் சுளிக்க மாட்டேன். அது நான் செய்ய வேண்டியது, என் கையால் செய்ய வேண்டியது. மருதடிக்காட்டுத் தண்ணியை எடுத்து அதற்கு ஈடாகக் கொடுக்க முடியுமா? அது என் குடத்துத் தண்ணி இல்லையே. இது நேராக இருக்கிறதா, அல்லது எனக்கு ஆசை வந்துவிட்டதால் நேராகத் தெரிகிறதா? ஆசையும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். இருக்கட்டுமே. ஆம்பளைக்குப் போஸ்டரில் பேர் வர ஆசை இருக்கலாம், எனக்கு ஒரு பஸ்ஸை நிறுத்திக் காட்ட ஆசை இருக்கக்கூடாதா.

மணமகள் அறைக் கதவு திறந்து பிரேமா வெளியே வந்தாள். இவளைப் போலவே பேருக்கு மனுப் போட்டவள், வேப்படிப்பாளையத்துக்காரி, வந்த வேகத்தில் பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். “அஞ்சு நிமிசம்கூட இல்லடி. ஏசி சில்லுன்னு இருக்கு. முந்திரி வெச்சிருக்காங்க.” “என்ன கேட்டாங்க?” “என்னையா? என்னை எங்க கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரத்தான் கேட்டாங்க. எத்தனை வருசமா கட்சியில இருக்கீங்க, செலவு பண்ண முடியுமா, சீட்டு கெடைக்கலன்னா யாருக்கு வேலை செய்வீங்க. அவரே அக்கா பேரச் சொல்லிட்டாரு. நான் வாயே தெறக்கல. நாலு நாளா கண்ணாடி முன்னால நின்னு படிச்சது வீணாப் போச்சு போ.” சொல்லிவிட்டுப் பந்தியைத் தேடிப் போய்விட்டாள். எழிலரசிக்கு இது புதுப் பயமாக வந்தது. இத்தனை நேரமும் என்ன சொல்வது என்றுதான் மனசு செக்குமாடாகச் சுற்றியது. சொல்லவே இடம் இருக்காது என்று தோன்றவில்லை. அந்த வேண்டாம்கூட அவள் வாயிலிருந்து வர வேண்டியதில்லையா? அதற்கும் ஆள் இருக்கிறதா? வெளியே டீ குடிக்கப் போயிருந்த அறவாழி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். “முப்பது போயிடுச்சு. அடுத்தது நாமதான். வரி ஞாபகம் இருக்கா?” “இருக்கு மாமா.” “சொல்லு பாப்போம்.” “தலைமை யாருக்குக் குடுத்தாலும் உழைப்பேன்.” “அப்புறம்?” “அப்புறம் உள்ள சொல்றேன்.” அவன் அவளை உற்றுப் பார்த்தான். ஆறு வருசம் கூட இருந்தவன், அவள் முகம் இப்படி இருந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். வண்டிக்குத் தவணையில் புது டயர் வேண்டாம் என்று அவன் சொன்னபோதும், பிறந்தது பொண்ணு என்று அவன் அம்மா முகத்தைத் திருப்பியபோதும் இப்படித்தான் இருந்தது. “ஏ புள்ள,” என்றான் மெதுவாக. “எனக்கு அந்தப் பதவி வரும்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.” “தெரியும் மாமா.” “ஒன்றியம் நம்மள ஏறெடுத்தும் பாக்காது அப்புறம். எந்த லோடும் வராது. ஊர்ல நடக்க முடியாது.” “ஏழு ஊர்ல நடந்தாச்சே. நல்லாத்தான் நடந்தேன்.” அவன் துண்டை எடுக்கத் தோளைத் தடவினான். துண்டு நிறைமதி வாயில் இருந்தது. அவன் கை தோளிலேயே நின்றுவிட்டதைப் பார்த்தபோது அவளுக்கு அவன்மேல் பாவமாக வந்தது, ஆசையாகவும் வந்தது, ஆனால் மனசு மாறவில்லை. மாறவில்லை என்பதை அவளே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் கவனித்தாள். முப்பத்தொன்று என்றது மைக்.

உள்ளே நிஜமாகவே சில்லென்று இருந்தது. கண்ணாடி பதித்த அலங்கார மேஜையைச் சுவரோரம் தள்ளி, மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாவட்டம், நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி, முன்னால் மனுக்கட்டு. ஓரத்தில், கேள்வி கேட்கிறவராகவும் இல்லாமல் பதில் சொல்கிறவராகவும் இல்லாமல், ஒன்றியம். கண்ணாடியில் எழிலரசிக்குத் தன் முகம் தெரிந்தது, இடுப்பில் பிள்ளை, பக்கத்தில் மாமா, மூன்று பேரும் ஸ்டூடியோவில் நிற்கிற மாதிரி. மாவட்டம் தாளைப் புரட்டினார். ஏழு கிளையும் கையெழுத்துப் போட்டிருக்கு, நல்லது, என்றார் யாரையும் பார்க்காமல். அப்புறம் நிமிர்ந்து அறவாழியைப் பார்த்தார். “என்ன தம்பி, எத்தனை வருசமா இருக்கே கட்சியில?” “பன்னண்டு வருசம்ணே.” “சந்தோசம். வீட்டுல என்ன சொல்றாங்க? ஒன்றியத்தோட கருத்துதானே உங்க கருத்தும்?” ஒன்றியம் ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டார். அறவாழி வாயைத் திறந்தான். திறந்து, மூடி, தொண்டையைச் செருமினான். அவனுக்கும் எங்கோ மாட்டிக்கொண்டது. அந்த இடைவெளி ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும், பஸ் நிற்காமல் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிற நேரம் மாதிரி, ஓடி ஏறினால் உண்டு. அவள் நிறைமதியை இறக்கி அவன் கையில் கொடுத்தாள். இரண்டு கையும் காலியானதும் குரல் தானாக வந்தது, அவள் பயந்த மாதிரி நடுங்கவும் இல்லை.

“அண்ணே, மனு என்னோடது. சீட்டு எனக்கு வேணும்னுதான் கேட்டு வந்திருக்கேன், வேற யாரு பேரும் சொல்ல மாட்டேன்.” முந்திரி மெல்லுவது நின்றது. “எழிலு,” என்றார் ஒன்றியம், சிரிப்பை விடாமல், “பதட்டத்துல மாத்திச் சொல்லுதுண்ணே, புதுசு.” “மாத்திச் சொல்லலண்ணே. அக்கா மேல எனக்கு மரியாதை உண்டு, சாகறவரைக்கும் உண்டு. ஆனா அது வேற, சீட்டு வேற.” மாவட்டம் முதல் தடவையாக அவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “ஏம்மா, ஏழு கிளையும் உனக்கும் போட்டிருக்கு, அந்தம்மாவுக்கும் போட்டிருக்கு, இன்னும் ரெண்டு பேருக்கும் போட்டிருக்கு. இதுல ஒன்னை நான் எப்படித் தனியா எடுத்துப் பாக்கறது? யாரு உனக்காகச் சொல்றாங்க?” நியாயமான கேள்வி. இதற்குத்தான் மனசு காலையிலிருந்து தாள் தேடிக்கொண்டிருந்தது. தாள் இல்லை. பக்கத்தில் அறவாழி பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தான், அவளைத் தடுக்கவில்லை, தட்டுகிற கை மட்டும் கொஞ்சம் வேகமாக இருந்தது.

“அந்தக் கையெழுத்த நீங்க தள்ளிடுங்கண்ணே, எனக்குப் போட்டதையும் சேத்து,” என்றாள் எழிலரசி. “உங்களுக்கு நம்பிக்கையான ஒரு ஆள எங்க ஏழு ஊருக்கும் ஒரே ஒரு தடவை அனுப்புங்க. கிளைச் செயலாளரு வீட்டுக்கு வேண்டாம். காலையில ஆறு மணிக்குக் குழாயடிக்கு அனுப்புங்க. நாங்க நாலு பேருல யாரத் தெரியும்னு கேக்கச் சொல்லுங்க. கேட்டுட்டு வந்தப்புறம் பேர எழுதுங்கண்ணே.”